தாளம் தப்பினால் காதே சொல்லிவிடும்: இசை, நடனம் வழியே கோடிங் கற்றுத்தரும் கருவிகள்

குழந்தைக்குக் கோடிங் அறிமுகம் செய்ய விளையாட்டு, புதிர், ரோபோ என்று வழிகள் பல. இவற்றில் இசைக்கு மட்டும் ஒரு தனி வசதி உண்டு. நிரலில் பிழை இருந்தால் பெரியவர் யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. ஒரு தட்டு விடுபட்டால் காது உடனே பிடித்துவிடும், ஆடுகிற கால் தடுமாறும். எங்கே தப்பு என்று குழந்தை தானே தேடத் தொடங்கும்.

இங்கே முக்கியமாகப் பார்ப்பவை மூன்று: கோட்.ஆர்க் தளத்தின் டான்ஸ் பார்ட்டி, ஸ்கிராட்ச், சோனிக் பை. ஸ்கிராட்ச் ஜூனியரும் மைக்ரோபிட்டும் சுருக்கமாக வரும். மைக்ரோபிட் போர்டைத் தவிர மற்ற எல்லாம் இலவசம். எது முதலில், எது எவ்வளவு நேரம், எவையெல்லாம் ஒரே சமயத்தில் என்பதைக் குழந்தை தன் கையாலேயே தீர்மானிக்க ஒரு கருவி எவ்வளவு இடம் கொடுக்கிறது? அதை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

எந்தக் கருவியானாலும் திரையைத் திறக்கும் முன் பத்து நிமிடம் தரையில் செலவிடுங்கள். எட்டு அட்டைகள் போதும். வலது அடி, இடது அடி, கைதட்டு, ஒரு சுற்று என்று எழுதி வரிசையாக வையுங்கள். ஒருவர் ஒன்று முதல் எட்டு வரை சீராக எண்ண, இன்னொருவர் ஓர் எண்ணுக்கு ஓர் அட்டை என்று ஆட வேண்டும். பெரும்பாலும் ‘ஒரு சுற்று’ வரும் இடத்தில்தான் ஆட்டம் குலையும், ஏனென்றால் முழுதாகச் சுற்ற இரண்டு எண்ணிக்கை தேவைப்படும். அந்த அட்டையில் ‘2’ என்று எழுதிவிட்டு வேறோர் அட்டையை எடுத்துவிட்டால் ஆட்டம் மறுபடி எட்டுக்குள் அடங்கும். கட்டளைக்கு வரிசை மட்டும் போதாது, கால அளவும் வேண்டும் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

டான்ஸ் பார்ட்டி 2018 இறுதியில் ‘ஹவர் ஆஃப் கோட்’ என்ற ஒரு மணி நேர கோடிங் அறிமுக நிகழ்வுக்காக வந்தது. கணக்குத் தொடங்காமலே பிரவுசரில் ஓடும். பூனை, கரடி போன்ற ஆட்டக்காரர்களைத் திரையில் நிறுத்தி, ‘4 மெஷர் கழித்து இந்த அசைவு’, ‘ஒவ்வொரு 2 மெஷருக்கும் இந்த அசைவு’ என்று பிளாக்குகளை (கட்டளைத் துண்டுகளை) ஒன்றோடொன்று மாட்ட வேண்டும். மெஷர் என்றால் பெரும்பாலான பாடல்களில் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று. பாடலின் தாளம் ஏற்கெனவே குறித்து வைக்கப்பட்டிருப்பதால் அசைவு தாளத்தை விட்டு விலகாது. முதல் சில நிமிடங்களிலேயே திரையில் ஆட்டம் களைகட்டும். நிகழ்வு நடந்தால் கட்டளை ஓடும் என்ற கருத்தை இதைவிட வேகமாகப் புரியவைக்கும் கருவி அரிது.

குறையும் அதே இடத்தில்தான். தாளத்தின் பொறுப்பு முழுவதையும் கருவியே சுமக்கிறது. பாடலை அங்குள்ள பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும், சொந்த மெட்டு போட முடியாது. அடிக்கடி வரும் பிழை ஒன்று: ஆட்டக்காரரை உருவாக்கும் பிளாக்கை 8 மெஷருக்குப் பிறகு வைத்துவிட்டு, 4 மெஷரிலேயே ஆடச் சொல்வது. இல்லாத ஆள் எப்படி ஆடுவார்? உருவாக்கும் பிளாக்குகளை எல்லாம் தொடக்கப் பகுதிக்குள் வைத்துவிட்டால் சரியாகிவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்கு அருமையான கருவி. அதற்கு மேல் இதிலேயே நிறுத்தி வைக்க வேண்டாம்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒன்றே ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால், ஸ்கிராட்ச்தான். இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி ‘மியூசிக்’ நீட்டிப்பைச் சேர்த்தால் 18 தாள ஒலிகளும் 21 இசைக்கருவிகளும் கிடைக்கும். டெம்போ தொடக்கத்தில் 60, அதாவது நிமிடத்துக்கு 60 பீட் (தட்டு). ஆட வைக்க அது மந்தம், 120 ஆக்குங்கள். அப்போது ஒரு பீட் சரியாக அரை விநாடி. பிறகு திரும்பத் திரும்ப ஓடும் ‘ஃபார்எவர்’ லூப்புக்குள் டிரம் 2 (பேஸ் டிரம்) 1 பீட், டிரம் 8 (கைதட்டல்) 1 பீட் என்று இரண்டே பிளாக்குகள். தாளம் ஓடத் தொடங்கிவிடும்.

ஆட்டக்காரருக்கு நூலகத்தில் ‘டான்ஸ்’ என்ற பிரிவே இருக்கிறது. அங்கே உள்ள ஸ்பிரைட்களுக்கு (திரை உருவங்களுக்கு) பல நடன நிலைகள் காஸ்ட்யூமாகவே (தோற்றங்களாகவே) வரைந்து வைக்கப்பட்டிருக்கின்றன. லூப்புக்குள் ‘நெக்ஸ்ட் காஸ்ட்யூம்’ மட்டும் போட்டால் உருவம் நடுங்குவது போலத் துடிக்கும், ஏனென்றால் ஸ்கிராட்ச் விநாடிக்கு 30 முறை படத்தை மாற்றுகிறது. உடனே குழந்தை ‘வெயிட் 0.5 செகண்ட்ஸ்’ சேர்க்கும். ஆட்டமும் தாளமும் பொருந்தும். இப்போது டெம்போவை 150 ஆக்கச் சொல்லுங்கள். தாளம் ஓடிவிடும், ஆட்டம் பின்தங்கும். வெயிட் பிளாக் விநாடியில் எண்ணுகிறது, அதற்கு டெம்போ தெரியாது. மியூசிக் நீட்டிப்பிலேயே உள்ள ‘ரெஸ்ட் ஃபார் 1 பீட்’ பிளாக்கை மாற்றிப் போட்டால் பிரச்சினை தீரும். டெம்போ எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவானது, அதனால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். எண்ணை நேரடியாக எழுதி வைப்பதற்கும் ஒரு பொது மதிப்பைச் சார்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

அடுத்த சிக்கல் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் தெரியும். டிரம் நிரலில் கால் பீட் பிளாக்குகள் நான்கு, நடன நிரலில் ஒரு பீட் ரெஸ்ட் ஒன்று என்று வைத்தால் கணக்குப்படி இரண்டும் சமம். ஆனாலும் சிறிது நேரத்தில் விலகிவிடும். ஒரு பிளாக் முடிந்ததா என்று ஸ்கிராட்ச் ஒவ்வொரு படச் சுற்றிலும்தான் பார்க்கிறது, ஆகவே ஒவ்வொரு பிளாக்கும் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பிளாக்குகள் அதிகமுள்ள நிரலில் அந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். இதற்குத் தீர்வு, தாளத்தை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது. டிரம் நிரல் ஒவ்வொரு பீட்டின் தொடக்கத்திலும் ‘தட்டு’ என்று ஒரு செய்தியை பிராட்காஸ்ட் செய்யட்டும், அதாவது எல்லா ஸ்பிரைட்டுக்கும் அனுப்பட்டும். ஆட்டக்காரர்கள் அந்தச் செய்தி வந்தால் மட்டும் அசையட்டும். யார் எத்தனை பேர் ஆடினாலும் பிறகு விலகாது.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ‘பிராட்காஸ்ட் அண்ட் வெயிட்’ பிளாக்கை எடுத்துவிட்டால், நடனம் முடியும்வரை டிரம் காத்திருந்து தாளமே இழுபடும். இன்னொன்று, பழைய செய்திக்கான அசைவு முடியுமுன் புதிய செய்தி வந்தால் அந்த நிரல் பாதியில் நின்று முதலிலிருந்து தொடங்கும். 120 டெம்போவில் ஒரு விநாடி ‘கிளைடு’ (வழுக்கி நகரும் பிளாக்) போட்டால் ஆட்டக்காரர் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவே மாட்டார். கிளைடை 0.3 விநாடிக்குக் குறையுங்கள்.

தாளம் நிலைபெற்ற பிறகு பாட்டின் அமைப்புக்கு வரலாம். பல்லவியை ‘மை பிளாக்ஸ்’ பகுதியில் ஒரு தனி பிளாக்காகச் செய்துவிட்டால், ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு அந்த ஒரே பிளாக்கை அழைத்தால் போதும். ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) என்றால் என்ன என்று விளக்கத் தேவையே இல்லை. இந்தக் கட்டத்தில் ‘ஃபார்எவர்’ லூப்புக்குக் கீழே வேறு பிளாக் மாட்ட முடியாது என்பதைக் குழந்தை கண்டுபிடிக்கும். அதற்கு ‘ரிப்பீட் 4’.

சோனிக் பை வேறு ரகம். 2012-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் சாம் ஆரன் உருவாக்கியது. முதலில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்காக வந்தது, இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் நிறுவலாம். பிளாக் கிடையாது, ரூபி மொழியை அடிப்படையாகக் கொண்ட வரிகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். பத்து, பதினொரு வயதுக்குக் கீழே இதைக் கொடுத்தால் இசையைவிட எழுத்துப்பிழையோடுதான் மல்லுக்கட்டு நடக்கும்.

‘பிளே 60’, ‘பிளே 64’, ‘பிளே 67’ என்று மூன்று வரி எழுதி (எண்கள் சுரங்களைக் குறிக்கும்) ஓட்டினால் மெட்டு வராது. மூன்று சுரமும் ஒன்றாக ஒலிக்கும். ஸ்கிராட்ச் பிளாக் சுரம் முடியும்வரை தானே காத்திருக்கும். சோனிக் பையில் வாசிப்பது தனி, காத்திருப்பது தனி. ஒவ்வொரு வரிக்கும் இடையில் ‘ஸ்லீப் 0.5’ போட்டால்தான் வரிசையாக வரும். ஸ்கிராட்சிலிருந்து வரும் குழந்தை முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இதை நீங்களே முந்திச் சொல்லிவிடாதீர்கள். ஒலி ஏன் ஒன்றாக வந்தது என்று யோசிக்க விடுங்கள்.

‘லைவ் லூப்’ இதன் உயிர்நாடி. லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றி மறுபடி ‘ரன்’ கொடுத்தால், இசை நிற்காமல் அடுத்த சுற்றிலிருந்து மாற்றம் கேட்கும். லூப்புக்குள் ஸ்லீப்போ சிங்க்கோ (இன்னொரு லூப்பின் குறிப்புக்குக் காத்திருக்கும் கட்டளை) இல்லையென்றால் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். இரண்டு லூப்களின் ஸ்லீப் கூட்டுத்தொகை ஒன்றில் 4, மற்றதில் 3 என்றிருந்தால் 12 பீட்டுக்கு ஒருமுறைதான் தொடக்கங்கள் சேரும். அதைப் பிழையாகவும் கருதலாம், அழகாகவும் ரசிக்கலாம். இதன் நேரக் கணக்கு மிகத் துல்லியம், ஸ்கிராட்சில் பார்த்த விலகல் இங்கே வராது. திரையில் ஆட்டக்காரர் இல்லாதது குறையாகத் தெரியலாம். ஒருவர் எண்ணை மாற்ற, மற்றவர்கள் எழுந்து ஆட வேண்டியதுதான்.

ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர். படிக்கத் தெரிய வேண்டாம், பிளாக்குகள் படங்களாகவே இருக்கும். சுரப் பிளாக் இல்லை, குழந்தை தன் கைதட்டலைப் பதிவு செய்து ஓட்டலாம். நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு: முழுச் சுற்றுக்கு 12, ஒரு விநாடி நிற்க வெயிட் பிளாக்கில் 10.

மைக்ரோபிட் நிரல் எழுதி இயக்கும் ஒரு சிறு போர்டு, அதை மணிக்கட்டில் கட்டி ஆடலாம். கையை அசைத்தால் ‘ஆன் ஷேக்’ நிகழ்வு ஓடும். வாங்கும்போது 2020-இல் வந்த வி2 பதிப்பையே கேளுங்கள், அதில் ஒலிபெருக்கியும் மைக்கும் போர்டிலேயே உள்ளன. பழைய போர்டில் ஒலி கேட்க, போர்டின் ‘பின் 0’, ‘கிரவுண்ட்’ என்ற முனைகளில் கிளிப் ஒயர் மாட்டி ஹெட்போனை இணைக்க வேண்டும், குதித்து ஆடும்போது அது நிலைக்காது. பேட்டரிப் பெட்டியையும் போர்டோடு சேர்த்துக் கட்டுங்கள். தொங்கவிட்டால் கையை வீசும் வேகத்தில் இணைப்பு பிடுங்கிக்கொள்ளும்.

எந்தக் கருவியிலும் புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒலி தாமதமாக வரும், திரையில் கால் விழுந்த பிறகே தட்டு கேட்கும். நிரல் சரியாக இருக்கும்போதே குழந்தை அதைக் கலைத்துப் போட்டுத் திருத்த முயலும். கணினியின் சொந்த ஸ்பீக்கரோ ஒயர் உள்ள ஹெட்போனோ போதும். இருவர் சேர்ந்து செய்தால் இரண்டு ஹெட்போன்களை இணைக்கும் ஆடியோ ஸ்பிளிட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள்.