தக்காளி விதை: வீரிய ஒட்டா, சாதாரண ரகமா?

செலவு: வீரிய ஒட்டு (இரு வேறு பெற்றோரைக் கலந்து உருவாக்கிய) விதையைப் பட்டத்துக்குப் பட்டம் வாங்க வேண்டும். பி.கே.எம். 1 போன்ற சாதாரண ரகத்தில் பழுத்த பழத்தைப் பிழிந்து, கூழை இரண்டு நாள் புளிக்கவிட்டு, விதையை அலசி நிழலில் உலர்த்தினால் போதும்.

மகசூல்: ஒட்டுக்கே கை ஓங்கும்.

மறு தலைமுறை: சிக்கல் இங்கேதான். ஒட்டுப் பழத்தின் விதையை விதைத்தால், மரபியலின் முன்னோடி மெண்டல் 1866-இல் பட்டாணியைக் கொண்டு விளக்கிய பிரிதல் தலைகாட்டும்; அதாவது, ஒட்டில் சேர்ந்திருந்த பெற்றோரின் பண்புகள் பிரிந்து வரும். மறைந்திருந்த ஒடுங்கு பண்பு ஏறத்தாழ நான்கில் ஒரு செடியில் வெளிப்படும். மகசூலோ பல மரபணுக்களின் கூட்டு வேலை. மூன்றுக்கு ஒன்று என்ற இந்த 3:1 கணக்குக்கு அடங்காமல் செடிக்குச் செடி மாறும். ரகம் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் தாயைப் போலவே வரும்.

சந்தைக்குப் பயிரிடுபவருக்கு ஒட்டு. விதை சேமிப்பவருக்கு ரகம். பூசணியில் மட்டும் விதை சேமிக்கும் துணிச்சல் வேண்டாம், தேனீ வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கலந்துவிடும்.