ஆறு வருடமாக ஒரு கலாதியா: இலை ஓரம் மட்டும் ஏன் இப்படி?

போன வாரம் கலாதியா என்ற அழகுச் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து இரண்டாகப் பிரித்து நட்டேன். கையில் மண் காயும் முன்பே தோழி போனில் கேட்டாள்: "உன் வீட்டில் இருக்கிற அந்த மயிலிறகுச் செடி, நானும் ஒன்று வாங்கட்டுமா?" வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது மக்கோயானா வகை. பிரேசிலின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்வது. தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் கலாதியா என்று இருந்தது. 2012-ல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு தாவரவியலாளர்கள் இதையும் இதன் சொந்தங்கள் பலவற்றையும் கோப்பெர்ட்டியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். வளர்க்கிறவர்கள் வாயில் இன்னும் கலாதியாதான்.

வெளிச்சம் எனக்குப் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. நிழல் என்றால் இருட்டு இல்லை என்று மட்டும் புரிந்தால் போதும். முதல் வருடம் அறையின் மூலையில் வைத்தேன். காம்புகள் நீண்டு சாய்ந்தன, புது இலையே வரவில்லை. நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

என் கோபமெல்லாம் இலை ஓரத்தின் மேல்தான். குழலாகச் சுருண்டு வரும் புது இலை இரண்டு மூன்று நாளில் விரியும். இளம்பச்சையில் கரும்பச்சைக் கோலம், பின்பக்கம் ஊதா. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி ஓவியம் மாதிரி இருக்கும். இரண்டே மாதத்தில் நுனியில் ஒரு பழுப்புப் புள்ளி. அது ஓரமாகவே ஊர்ந்து, இலையைச் சுற்றி நெருப்பு வைத்த காகிதம் போல ஒரு கரை கட்டிவிடும். கருகிய இடம் மறுபடி பச்சையாகாது. இலையோ மாதக்கணக்கில் உதிராது. அதனால் என்றைக்கோ செய்த தவறு தினமும் கண் முன்னாலேயே நிற்கும்.

விற்றவர், "நிழலில் வைத்தால் போதும், வேறு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை" என்றார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். குறைவாக ஊற்றினேன், அதிகமாக ஊற்றினேன், காலையும் மாலையும் இலையில் தண்ணீர் தெளித்தேன். தெளித்த ஈரம் சற்று நேரத்தில் காய்ந்துவிடுகிறது, காற்றின் ஈரப்பதம் அதனால் உயர்ந்துவிடாது. மற்றச் செடிகளோடு நெருக்கி வைத்தது மட்டும் கொஞ்சம் உதவியது.

தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. வேர் இழுக்கும் நீர் இலையிலிருந்து ஆவியாகிப் போகிறது. அதில் கரைந்திருந்த உப்பும் ஃப்ளோரைடும் பாதை முடிகிற இடத்திலேயே தங்கிவிடுகின்றன. இலைக்கு அந்த இடம் ஓரம்தான். குழாய்த் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், இவை போகாது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

இதற்கு முன் ஒருமுறை பிரித்தபோது ஒரு தொட்டிக்கு மழைநீர் மட்டும், இன்னொன்றுக்குப் பழையபடி குழாய்த் தண்ணீர் என்று வைத்துப் பார்த்தேன். மழைநீர்த் தொட்டியில் அடுத்தடுத்து நான்கு இலைகள் சுத்தமாக வந்தன. மற்றதில் வழக்கம்போல ஓரம் கருகியது. மழைநீர் தீர்ந்தால் இப்போது ஆர்.ஓ. தண்ணீர். உரத்தைப் பாதி அளவுக்கு நீர்த்துத்தான் கொடுக்கிறேன். சூப்பர் பாஸ்பேட் உரத்தில் ஃப்ளோரைடு இருப்பதால் அதைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. இவ்வளவுக்கும் பிறகு, காற்று வறண்ட மாதங்களில் நுனி கொஞ்சம் காயத்தான் செய்கிறது. கத்தரிக்கும்போது பழுப்பில் ஒரு நூல் அளவு விட்டுவிடுங்கள். பச்சையை வெட்டினால் வெட்டிய இடம் புதிதாகக் காயும்.

வறண்ட காற்றில் சிலந்திப்பேனும் வரும். இலை தூசி படிந்த மாதிரி மங்கினால் திருப்பிப் பாருங்கள். ஈரத்துணியால் பின்பக்கத்தை வாரம் ஒருமுறை துடைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இவ்வளவு திட்டுகிறவள் ஏன் ஆறு வருடம் வைத்திருக்கிறாள் என்றால், சாயங்காலம் ஒரு மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பகலில் படுக்கையாக விரிந்திருந்த இலைகள் ஒவ்வொன்றாக நிமிரும், அடியில் இருந்த ஊதா வெளியே தெரியும். இலையும் காம்பும் சேரும் இடத்தில் விரல் கணு போல ஒரு புடைப்பு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து மறுபக்கத்துக்கு நீர் மாறும்போது இலை எழுகிறது. தூங்குமூஞ்சி மரம் அந்தியில் இலை மடிப்பதும் இதே மாதிரிதான். வீடு அமைதியாக இருந்தால் இலையோடு இலை உரசும் சத்தம்கூடக் கேட்கும். முதல்முறை கேட்டபோது பல்லி என்று நினைத்து விளக்கைப் போட்டேன். காலையில் ஏழரை மணிக்குள் எல்லாம் மறுபடி விரிந்திருக்கும். ஒரு நாள் பகலிலும் நிமிர்ந்தே நின்றால் தாகம் என்று எனக்குத் தெரியும்.

அம்மா மருத்துவமனையில் இருந்த மாதத்தில் இரவு வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது இதைத்தான். இலைகள் கூப்பிய கை போல நின்றுகொண்டிருக்கும். அந்த மாதம் ஓரங்களும் நன்றாகக் கருகியிருந்தன, அப்போது எனக்குக் கோபம் வரவில்லை.

தோழிக்கு இன்றும் என் பதில் வேண்டாம் என்பதுதான். அவள் மாதத்தில் பாதி நாள் வெளியூரில், வீட்டில் மழைநீர் பிடிக்க இடமில்லை. பிரித்ததில் சின்னப் பாதியை அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வேர் பிடித்து முதல் புது இலை விரியட்டும், ஓரம் கருகாமல் வந்தால் கொடுத்துவிடுவேன்.