6 வருடம், 9 ரோல்: ஓ.எம்-1 கேமராவில் நெபுலா படம் எடுத்த அனுபவம்

ஒலிம்பஸ் ஓ.எம்-1 ஃபிலிம் கேமராவைப் பழைய பொருளாக வாங்கி 6 வருடம் ஆகிறது. பகல் படம் அதில் அதிகம் எடுப்பதில்லை. வானத்துக்கென்றே, அதிலும் நெபுலா எனப்படும் விண்வெளி வாயு மேகங்களுக்கு, வைத்திருக்கிறேன். இதுவரை 9 ரோல் முடிந்திருக்கிறது. ஒன்பதுதானா என்று தோன்றும். ஓர் இரவுக்கு ஏழெட்டுப் படம் எடுத்தாலே பெரிது. ஜவ்வாது மலைக்குப் போக வாய்ப்பதும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வரும் அமாவாசைகளில்தான். அதில் சிலவற்றை மேகம் கொண்டுபோய்விடும்.

இந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம், ஷட்டருக்கு பேட்டரி வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி, வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். டயலை 'பி'யில் வைத்து, கேபிள் ரிலீஸின் (ஷட்டர் பட்டனை அழுத்தும் கம்பி) திருகை இறுக்கிவிட்டால் ஒரு மணி நேரம் ஆனாலும் ஷட்டர் திறந்தே இருக்கும். எடையும் குறைவு என்பதால் சின்ன ஸ்டார் டிராக்கரே (வானம் நகர்வதற்கு ஏற்ப கேமராவைத் திருப்பும் கருவி) தாங்குகிறது.

வாங்கியவுடன் பின்கதவு ஓரத்து ஃபோமை மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து எல்லா கேமராக்களிலும் அது இப்போது பிசினாக இளகியிருக்கும். பகலில் 1/125 நொடிக்குத் தெரியாத ஒளிக்கசிவு, அரை மணி நேரப் படத்தில் ஆரஞ்சு நிறக் கோடாக விழும். எனக்கு இரண்டாவது ரோலில் நான்கு படம் அப்படித்தான் போயிற்று.

ஃபோகஸ்தான் என்னை அதிகம் படுத்தியது. லென்ஸில் இருக்கும் இன்ஃபினிட்டி குறியை நம்பக் கூடாது. வ்யூஃபைண்டரில் நட்சத்திரம் மங்கலாகத் தெரிவதால் கண்ணால் சரிபார்ப்பதும் கடினம். கடைசியில் ஒரு கறுப்பு வெள்ளை ரோலை இதற்கென்றே ஒதுக்கினேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நடுவில் வைத்து, ஃபோகஸ் வளையத்தை நூலிழை நூலிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம். கழுவிய பிறகு லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்ததில் புள்ளி மிகச் சிறியதாக இருந்தது குறிக்குச் சற்று முன்னால். அந்த இடத்தில் ஊசியால் கீறி வைத்திருக்கிறேன். 50 எம்.எம் எஃப்/1.8 லென்ஸை முழுதாகத் திறந்தால் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும். எஃப்/2.8-க்கு மேல் நான் திறப்பதில்லை.

அப்புறம் டிராக்கர். கிட்டத்தட்ட 12.5 டிகிரி வடக்கில் இருக்கிறோம், அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே அளவு உயரத்தில்தான் நிற்கும். பாதி இடங்களில் மரம் மறைக்கும். மீதி இடங்களில் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து வெளிச்சம் கீழ்வானத்தை வெளுக்க வைத்திருக்கும். டிராக்கரைத் துருவத்துக்கு நேராக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் நட்சத்திரம் அரிசி மாதிரி நீண்டு விழும்.

சரி, ஃபிலிமுக்கு வருகிறேன். மங்கலான வெளிச்சத்தில் நேரம் ஆக ஆக ஃபிலிம் ஒளியை உணரும் திறன் குறையும், இதற்கு ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று பெயர். டப்பாவில் 100 என்று போட்டிருப்பதும் 400 என்று போட்டிருப்பதும் அரை மணி நேரத்தில் அர்த்தம் இழந்துவிடும். ஃபியூஜி அக்ராஸ் 100 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் இதில் கெட்டிக்காரன், இரண்டு நிமிடம் வரை திருத்தமே வேண்டாம். வெறும் நட்சத்திர வயலுக்கு அதைத்தான் போடுவேன். ஆனால் நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் விடும் ஒளி. அந்த இடத்துக்கு அக்ராஸின் கண் எட்டாது. ஓரியன் நெபுலாவே அதில் சோகையாகத்தான் வரும்.

2018-இல் கோடாக் திரும்பக் கொண்டுவந்த எக்டாக்ரோம் இ100 என்ற ஸ்லைடு ஃபிலிமில் அந்தச் சிவப்பு விழுகிறது. சாதாரண டிஜிட்டல் கேமராவில் சென்சார் மேல் இருக்கும் வடிகட்டி இதே சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதால், கேமராவைப் பிரித்து வடிகட்டியை மாற்றுகிறவர்கள் உண்டு. இங்கே ஃபிலிமைப் போட்டால் போதும். 50 எம்.எம், எஃப்/2.8, 35 நிமிடம், கழுவும்போது ஒரு ஸ்டாப் புஷ், அதாவது படம் இன்னும் வெளிச்சமாக வர வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கழுவுவது. இப்படி எடுத்த ஒரு ஸ்லைடில் திருவாதிரை ஆரஞ்சாகவும் எதிர்மூலையில் ரைஜெல் நீலம் கலந்த வெள்ளையாகவும் இருக்க, இரண்டுக்கும் இடையே மங்கலான சிவப்பு வில் ஒன்று ஓடுகிறது. வானியலாளர் பர்னார்டு 1894-இல் புகைப்படத் தகட்டில் கண்டு எழுதிய வளையம் அது. வெறும் கண்ணில் நான் ஒருபோதும் பார்க்காததை லைட் பாக்ஸில் வைத்து என் கையால் எடுத்த படமாகப் பார்த்த அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிஜிட்டலில் நூறு படம் எடுத்து, கெட்டதை நீக்கிவிட்டு அடுக்கலாம். ஃபிலிமில் ஒரே படம். ஆகவே ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் வானத்தைப் பார்த்தபடி நிற்பேன், கையில் கறுப்பு அட்டை இருக்கும். விமானத்தின் விளக்கு லென்ஸ் பார்க்கும் பகுதிக்குள் வரப்போகிறது என்றால், லென்ஸைத் தொடாமல் அட்டையை முன்னால் பிடிக்க வேண்டும். அது கடந்ததும் எடுத்துவிட்டு, மறைத்த நொடிகளைக் கடைசியில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை 31-ஆவது நிமிடத்தில் லென்ஸ் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பனி. ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச் அடித்தது என் தவறு. பனி படிந்த அந்தப் படத்தை அதற்கு முன்பே இழந்திருந்தேன். இப்போது பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டையை லென்ஸில் சுற்றாமல் ஷட்டரைத் திறப்பதில்லை. ஈரத்தில் ஃபிலிமும் லேசாக வளையும் என்பதால், அடுத்த படத்துக்கு நகர்த்திய பிறகு ஐந்து நிமிடம் பொறுத்தே தொடங்குகிறேன். வீட்டில் எல்லாம் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில்.

லேப் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ரோலின் முதல் படம் பகலில் எடுத்ததாக இருக்கட்டும். கறுப்பு வானத்தில் படம் எங்கே தொடங்குகிறது என்று வெட்டுகிறவருக்குத் தெரியாது. ஓர் இடத்தில் என் ஓரியனை இடுப்புப் பட்டைக்கு நடுவே வெட்டிக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் உறையிலேயே எழுதிவிடுகிறேன்: "வெட்ட வேண்டாம், சட்டம் போட வேண்டாம், சுருளாகவே தரவும்." ஸ்கேனும் நானே செய்கிறேன். தானியங்கி ஸ்கேன் இருட்டைப் பச்சை கலந்த சாம்பலாக ஆக்கிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் உடனே எக்டாக்ரோமில் இறங்க வேண்டாம், விலையும் அதிகம், ஸ்லைடு கழுவும் இடமும் குறைவு. கோடாக்கின் கலர் நெகட்டிவ் ஃபிலிமான போர்ட்ரா 400 போடுங்கள். பெரிய ஊர்களில் கழுவ இடம் கிடைக்கும், சிவப்பும் என் கையில் நன்றாகவே வந்திருக்கிறது.

பத்தாவது ரோலைத் தெற்கு வானத்தில் இருக்கும் ஈட்டா கரைனா நெபுலாவுக்கு வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து அது உச்சத்தில் இருக்கும்போதே தெற்கு அடிவானத்துக்கு மேல் 18 டிகிரிதான். ஏப்ரல் அமாவாசையன்று இரவு பத்து மணியை ஒட்டி அந்த இடத்துக்கு வரும். தெற்கே மரம் மறைக்காத ஒரு மேட்டைப் போன மாதம் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.