தகடுகளா, சோழரா: எதை முதலில் கையில் எடுப்பது?

உயர்தரப் பரீட்சைக்குப் புவியியலும் வரலாறும் சேர்த்து எடுக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது: "கண்ட நகர்வு விளங்கினால் போதும் சேர், சோழரைத்தான் பாடமாக்க வேணும்." எனக்கு இதில் பாதிகூட உடன்பாடில்லை. கண்ட நகர்வு விளங்கிய பிள்ளைகளும் புள்ளியைக் கோட்டை விடுகிறார்கள். சோழரை முழுக்கப் பாடமாக்கியவர்களும்தான்.

முதலில் புவியியல். ஜெர்மன் அறிஞர் அல்பிரட் வெக்னர் 1912 இல் கண்ட நகர்வை, அதாவது ஒன்றாக இருந்த கண்டங்கள் பின் விலகிப்போயின என்ற கருத்தை, முன்வைத்தார். தென்னமெரிக்கக் கரையும் ஆபிரிக்கக் கரையும் பொருந்துவது, இரண்டு பக்கமும் மெசோசோரஸ் என்ற பழைய ஊர்வனவின் எச்சம் கிடைப்பது, இந்தியாவரை குளொசொப்தெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைப் படிவு பரவியிருப்பது என்று ஆதாரங்களை எல்லாரும் எழுதிவிடுவார்கள். சறுக்குவது அடுத்த வரியில். இவ்வளவு ஆதாரம் இருந்தும் அன்றைய புவிச்சரிதவியலாளர்கள் ஏன் ஏற்கவில்லை? கண்டங்களை நகர்த்தும் விசையாக அவர் காட்டியவை புவிச் சுழற்சியும் சூரிய, சந்திர ஈர்ப்பும். ஒரு கண்டத்தை அசைக்க அவை எந்த மூலைக்கு? வெக்னர் 1930 இல் கிரீன்லாந்தில் இறந்துபோனார். விடை கடலடியிலிருந்து வந்தது 1960களில். கடற்றளம் விரிகிறது என்றார் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் ஹெஸ். 1963 இல் பிரித்தானியரான வைனும் மத்தியூசும் கடலடிப் பாறையில் காந்தத் திசை மாறி மாறிப் பதிந்த பட்டைகளை வைத்து அதற்கு வலுச் சேர்த்தார்கள். புவியோடு நகரும் பெருந்துண்டுகளாக, அதாவது தகடுகளாக, இருக்கிறது என்ற விளக்கம் இதிலிருந்துதான் வளர்ந்தது.

அந்தப் பட்டைப் படத்தை மட்டும் பார்க்காமல் கீறப் பழகுங்கள். நடுவில் முகடு, அதாவது புதிய கடற்றளம் உருவாகும் கடலடி மலைத்தொடர். இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், ஒரே வரிசையில் பட்டைகள். முகட்டை ஒட்டி இளம் பாறை, விலக விலகப் பழையது. அம்புக்குறி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும்; அவசரத்தில் உட்பக்கம் போட்டுவிட்டால் படம் எதிர்ப்பொருளைச் சொல்லும். இது கைக்கு வந்துவிட்டால் கட்டுரையின் பாதி தானாக வரும்.

ஊர் உதாரணம் எழுதும் ஆசையில் திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை எரிமலையோடு முடிச்சுப் போட வேண்டாம். இலங்கை இருப்பது தகட்டின் விளிம்பில் அல்ல, உட்பகுதியில். ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்கே சூடாகி, பாறை வெடிப்புகள் வழியே மேலே வருகிறது, அவ்வளவுதான். விளிம்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் 2004 டிசெம்பர் 26 ஐ எழுதுங்கள். சுமாத்திராவுக்கு அப்பால், இந்தியத் தகடு கீழே அமிழும் இடத்தில், 9.1 அளவில் நடுக்கம்; அலை நம் கரைக்கும் வந்தது.

சரி, சோழர். இங்கே பயமுறுத்துவது ஆண்டுகள். ஆனால் கட்டாயம் பிடித்துவைக்க வேண்டியவை ஐந்துதான்: 985 இல் முதலாம் இராஜராஜன் முடிசூடியது, 993 இல் இலங்கைப் படையெடுப்பு, 1017 இல் அனுராதபுர அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டது, 1025 இல் சுமாத்திராவின் ஸ்ரீவிஜய அரசின் மீது கடற்படை சென்றது, 1070 இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டது. கடைசி ஆண்டில் ஒரு வசதி உண்டு. அதே 1070 இல்தான் சோழ நாட்டில் அரியணைச் சிக்கல் வந்து முதலாம் குலோத்துங்கன் அரசேறினான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சோழப் பிடி இங்கே ஏன் தளர்ந்தது என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. விஜயபாகுவின் வீரத்தை மட்டும் புகழ்ந்து ஒரு பக்கம் நிரப்புவதைவிட இது மேல்.

இந்தப் பகுதியில் திருகோணமலைப் பிள்ளைக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. பெரியகுளத்துக்கு அருகே உள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று வருகிறது. சைவ மன்னனின் பெயரில் ஒரு பௌத்தப் பள்ளி! சோழரின் சமயக் கொள்கை பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அனுராதபுரத்தை விட்டுப் பொலன்னறுவையைச் சோழர் தலைநகராக்கியது ஏன் என்ற கேள்விக்கும் மகாவலி ஆற்றையும் நம் துறைமுகத்தையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்தால் எழுத விஷயம் கிடைக்கும்.

அப்புறம், எது முதலில்? சோதனைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறதென்றால் யோசிக்காமல் தகடுகளை எடுங்கள். அந்த அலகு சிறியது, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது, படத்துக்கும் புள்ளி விழும், ஒரு சனி ஞாயிறில் ஓரளவு பிடிபட்டுவிடும். சோழர் அப்படிக் கிடைக்கமாட்டார்கள். ஆட்சிமுறை, வணிகக் கணங்கள், கோயில் நிலம், கடற்படை என்று அகன்றுகொண்டே போகும்; படித்தது பத்து நாளில் மங்கும். நேரம் இருப்பவர்களுக்கும் கட்டுரை எழுதக் கை வளைகிறவர்களுக்கும் என் தெரிவு சோழர்தான். தகட்டு விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும், சோழர் விடையில்தான் நன்றாக எழுதுகிறவர் தனித்துத் தெரிவார்.

இரண்டையும் ஒரே இரவில் வைத்துக்கொள்ள வேண்டாம். தகடுகளை முடித்துவிட்டுக் கடந்தகால வினாத்தாளோடு விட்டுவிடலாம். சோழருக்கு மட்டும் வாரம் ஒருமுறை வெறுந்தாளில் அந்த ஐந்து ஆண்டுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஏன்' என்பதற்கு இரண்டு வரி போடுங்கள். வரி வராத ஆண்டை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.