மாணவர் நுணுக்குக்காட்டி: 400 மடங்கு போதும், கூட வரும் வழுக்கிப் பெட்டி வேண்டாம்

ஓ.எல். (சாதாரண தர) விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நுணுக்குக்காட்டி தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டாயம் வாங்குங்கள். திருகோணமலையில் ஒரு கடையில் 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து மகளுக்கு வாங்கினேன். உலோக உடல், கீழே எல்.இ.டி. விளக்கு, 4, 10, 40, 100 மடங்கு பெருக்கும் நான்கு பொருள்வில்லைகள் (பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் இருப்பவை), 10, 16 மடங்கு பெருக்கும் இரண்டு பார்வைத்துண்டுகள் (கண் வைத்துப் பார்ப்பவை), அதோடு தயார் செய்த வழுக்கிகள், அதாவது மாதிரிகள் ஒட்டிய கண்ணாடித் தட்டுகள், அடங்கிய ஒரு பெட்டி. கருவி அருமை. அந்த வழுக்கிப் பெட்டிக்குத்தான் காசு வீண்.

பெட்டியின் மேல் பெரிதாக 1600 மடங்கு என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 16 ஐயும் 100 ஐயும் பெருக்கி வந்த எண் அது. 100 வில்லை ஒழுங்காக வேலை செய்ய வில்லைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அதற்கென்று உள்ள எண்ணெய் ஒரு துளி வேண்டும், அதை இவர்கள் தரவே இல்லை. 40 வில்லையின் பக்கத்தில் 0.65 என்று பொறித்திருக்கும், நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டும் திறனைச் சொல்லும் அதுதான் உண்மையில் பார்க்க வேண்டிய எண். அந்த வில்லையால் ஏறக்குறைய அரை மைக்ரோமீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத்தான் பிரித்துக் காட்ட முடியும், அதற்கு மேல் பெருக்கினால் மங்கல்தான் பெரிதாகும். 10 பார்வைத்துண்டு, 40 வில்லை, மொத்தம் 400 மடங்கு. கலம் பார்க்க இது தாராளம். வெங்காயக் கலம் கால் மில்லிமீற்றர் நீளம் வரும், கன்னத்தின் உட்புறக் கலம் 50, 60 மைக்ரோமீற்றர், நம்முடைய செங்குருதிக் கலம் 7, 8. ஆனால் புத்தகத்தில் இருக்கிற, கலத்துக்குள் உள்ள மிகச் சிறிய பகுதிகளான இழைமணியின் உள்மடிப்புகளும் இறைபோசோமும் தெரியாது, அவை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வேலை. பிள்ளைக்கு இதை முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பாவம் தேடித் தேடிக் களைத்துப்போகும்.

இனி நல்ல பகுதி. வெங்காயத்தின் உட்புறத் தோலை உரித்து அயடீன் ஒரு துளி விட்டால் கலச்சுவரும் கருவும் பளிச்சென்று தெரியும், கன்னத்தில் சுரண்டி மெதிலீன் நீலம் விட்டால் சுவரே இல்லாத, ஒழுங்கில்லாத வடிவக் கலங்கள், நடுவில் கரு. இது எல்லாப் பள்ளியிலும் செய்வது. எங்கள் ஊரில் கடல் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள்! சிவப்பு வெங்காயத்தின் வெளிப்பக்கத் தோலில் ஊதா நிறம், கலத்துக்குள் நீர் நிறைந்த பை போல உள்ள புன்வெற்றிடத்துக்குள் இருக்கும். அதை வழுக்கியில் வைத்து, உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சின்னப் போத்தலில் பிடித்து வந்த கடல் நீரை ஓரத்தில் விட்டு, மறு ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சினால் சில நிமிடங்களில் ஊதா சுருங்கிச் சுவரை விட்டு விலகும். "அம்மா, சுவர் அப்பிடியே நிக்குது, உள்ளுக்குள்ளதான் சுருங்குது" என்று மகள் சொன்னாள், முதலுருச்சுருக்கம் என்று புத்தகம் சொல்வதும் அதைத்தான். உடனே நல்ல தண்ணீரை விட்டால் பெரும்பாலான கலங்கள் பழையபடி நிரம்பும். சுவர் தாங்கிக்கொள்வதால் வெடிக்காது. விலங்குக் கலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால்தான் குருதியை வெறும் தண்ணீரில் கலக்கக் கூடாது.

குருதிக் கலத்தை மீனில் பார்க்கலாம். புதிதாக வாங்கிய பாரை மீனின் பூவில் (செவுளில்) வரும் குருதியில் ஒரு பொட்டை, ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்த நீரில் கலந்து பாருங்கள். வெள்ளரி விதை மாதிரி நீள்வட்டக் கலங்கள், மெதிலீன் நீலம் விட்டால் ஒவ்வொன்றிலும் கரு. மனிதனின் முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, இரண்டு பக்கமும் குழிந்த தட்டு அது, ஈமோகுளோபினுக்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு வடிவம் என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கிறது. அப்புறம் றியோ என்ற அலங்காரச் செடியின் இலையின் அடிப்பக்கத் தோல், அதில் இலைவாய் என்ற சிறு துளையின் இரு பக்கமும் காவற்கலங்கள் பச்சையவுருமணிகளோடு நிற்கும், சுற்றியுள்ள கலங்களில் அந்தப் பச்சை இராது.

வழுக்கிப் பெட்டியில் நல்லது இரண்டே இரண்டுதான். வன்கூட்டுத் தசை, குறுக்கு வரிகளும் ஓரத்தில் வரிசையாகக் கருக்களும் தெளிவாக இருக்கின்றன. மற்றது சோளத் தண்டின் குறுக்குவெட்டு, கலன்கட்டுகள் சிதறிக் கிடப்பதும், காழ்க்கலன்கள் உள்ளே வெறுமையாகி நீர் போக வழி விட்டு நிற்பதும் தெரியும். மற்றவை தடிப்பான வெட்டு, சாயம் அப்பிக் கிடக்கிறது. "விலங்குக் கலம்" என்று ஒட்டிய ஒன்றில் ஏதோ நார்தான் இருந்தது, கடையில் சொன்னேன், மாற்றித் தரவில்லை. பணம் கொடுத்து வாங்குபவர்களின் பிள்ளைகளுக்குத் தவறாகக் கற்பிக்கிற பொருள் இது, கோபம் வருகிறது.

இன்னொன்று, எங்கள் உப்புக் காற்றும் மாரிக்கால ஈரமும் வில்லைக்கு ஆகாது, பூஞ்சணம் பிடித்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். வாங்கும்போது கடையிலேயே 40 வில்லையைப் போட்டு, நன்றாகக் குவிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வழுக்கிப் பெட்டி இல்லாமல் தருவார்களா என்று கேளுங்கள். மிச்சக் காசுக்கு வெற்று வழுக்கிகள், அவற்றை மூடும் மெல்லிய கண்ணாடிகள், அயடீன், மெதிலீன் நீலம் வாங்கலாம்.