பழைய காருக்கு சஸ்பென்ஷன் மாற்றப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் முழு விஷயமும் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. பழைய காரை தினமும் ஓட்டுகிறவர்கள் என்ன போடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என் காருக்கு வயது 14. வேலைக்குப் போக, பிள்ளைகளை விட, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். சில மாதங்களாக வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் ‘டக்’ என்று சத்தம். பள்ளம் தாண்டினால் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. வண்டியோடு வந்த அதே ரகத்தில் புது ஷாக் போடலாம். அல்லது ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்சம் இறுக்கமான கேஸ் ஷாக் (எண்ணெயோடு வாயுவும் அடைத்தது) போடலாம். இல்லையென்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற காயில்ஓவர் செட். என் மனசு இரண்டாவது பக்கம்தான் இருந்தது.

சஸ்பென்ஷன் வேலை மட்டுமே செய்யும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கேதான் ஏமாந்தேன், அதுவும் எப்படி என்று சொல்ல வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச்சை என் கையிலேயே கொடுத்தார் அந்த ஆள். ஷாக்கின் மேல் விரலை வைத்துத் தடவி, எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டினார். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், அது வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் கம்பியை விட்டு நெம்பினார். ரப்பர் வெடித்து வாய் பிளந்திருந்தது. “பாருங்க சார், ஷாக் மட்டும் மாத்தினா இந்தச் சத்தம் போகாது” என்றார். அவர் காட்டியது அத்தனையும் உண்மை. இத்தனை வருடத்தில் எந்த மெக்கானிக்கும் என்னை வண்டிக்கு அடியில் நிறுத்தி இப்படி விளக்கியதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் முழுசாக நம்பிவிட்டேன்.

அப்புறம்தான், “தனித்தனியா எதுக்கு சார்? காயில்ஓவர் செட்டாவே போட்டுடலாம். புஷ், மவுண்ட் எல்லாம் அதுலயே வந்துடும். இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை” என்றார். மவுண்ட் என்றால் ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிணைக்கும் பாகம். வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமாம், அதனால் முழுப் பணமும் முன்பணம். இரண்டு மாதச் சம்பளம். பில்லில் ‘சஸ்பென்ஷன் செட் முழுவதும்’ என்று ஒரே வரி. புஷ்ஷைத் தனியாக எழுதவில்லையே என்று கேட்டேன். “நம்ம மேல நம்பிக்கை இல்லையா சார்?” என்றார். கேட்டதற்காக எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

வண்டி கைக்கு வந்தபோது முன்பக்கம் மூன்று விரல் தாழ்ந்திருந்தது. பழைய உயரமே இருக்கட்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். சாலையில் சின்ன ஒட்டுப் போட்ட இடம் வந்தாலும் முதுகில் அடித்தது. தாழ்த்தினால் சக்கரம் மேலே ஏற இடமே மிஞ்சாது, கொஞ்சம் பெரிய பள்ளத்தில் பம்ப் ஸ்டாப் என்ற கடைசித் தடுப்பில் போய் இடிக்கும். ‘டக்’ சத்தமும் அப்படியே இருந்தது.

போய்ச் சொன்னேன். “ஸ்பிரிங் செட்டில் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க.” புது ஸ்பிரிங் படிந்தால் வண்டி இன்னும் கொஞ்சம் தாழுமே தவிர உயராது. அது அன்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் ஓட்டிவிட்டுப் போனேன். “ரோடு அப்படி சார், நாங்க என்ன பண்ண?” அடுத்த முறை முதலாளி வெளியூர். அதற்கடுத்து போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஐந்தாவது வாரம் இடது முன் ஷாக்கில் எண்ணெய் வழிந்தது. “கம்பெனிக்கு அனுப்பித்தான் பார்க்கணும், ஒரு மாசம் ஆகும்” என்றார்கள். அதுவரை ஓட்ட என் பழைய ஷாக்கையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

நேற்று வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஷாக்கின் பளபளப்பான தண்டில் வரிவரியாகப் பல் பதிந்த கீறல். மேல் நட்டை முறுக்கும்போது தண்டு சேர்ந்து சுற்றும். அதைப் பிளையரால் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கீறல் ஏறி இறங்கும்போதெல்லாம், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலைக் கிழிக்கும். ஐந்தே வாரத்தில் எண்ணெய் வழிந்ததற்குக் காரணம் அதுதான். மேல் மவுண்ட் பழையது, அதிலிருந்த பேரிங் இறுகிப்போயிருந்தது. லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. டார்ச் அடித்து எனக்குக் காட்டினாரே, அதே வெடிப்பு. அதே புஷ். மாற்றவே இல்லை. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட்டும் பார்க்காததால் முன் டயர் இரண்டும் உட்பக்கம் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. அதையும் சேர்த்தால் நஷ்டம் இரண்டு மாதச் சம்பளத்தோடு நிற்கவில்லை.

கடைக்கு என் மனைவியின் போனிலிருந்து அழைத்தேன். உடனே எடுத்தார்கள். “வேற இடத்துல கழட்டிட்டீங்களா? அப்ப வாரண்டி கிடையாது சார்.” வைத்துவிட்டார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. தினமும் ஓடுகிற பழைய கார் என்றால் வண்டியோடு வந்த ரகத்திலேயே புது ஷாக், கூடவே மவுண்ட், புஷ், லிங்க் ராட் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு), கடைசியில் அலைன்மெண்ட். இதைச் செய்தாலே வண்டி பாதி புதுசு போல ஆகிவிடும். ஷாக்கை இடது வலது ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய ஷாக்கில் தாழ்த்துகிற ஸ்பிரிங் மட்டும் போடாதீர்கள், மிச்சமிருக்கும் உயிரும் சீக்கிரம் போய்விடும். ரப்பர் புஷ் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியில் இருக்கட்டும். கழற்றியதை எல்லாம் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடியும் முன் முழுப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கார் இன்னும் அந்த மெக்கானிக்கிடம் ஸ்டாண்டில் நிற்கிறது. கீறல் விழுந்த ஷாக்கையும் வெடித்த புஷ்ஷையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் கடை திறக்கும்போது பில்லோடு அங்கே போய் நிற்கப்போகிறேன்.