வெர்மிலியன் கிளிஃப்ஸ் சாலை: 9 வருடம், 11 பயணம்

அரிசோனாவின் சாண்ட்லருக்குக் குடிவந்த வருடம், 2016 அக்டோபரில், முதல்முறை யு.எஸ். 89ஏ சாலையில் போனேன். கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்புக்குப் போகும் வழி என்பதைத் தவிர அந்தச் சாலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேன்யனைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பிறகும் கண்ணை விட்டுப் போகாமல் நின்றது அந்தச் சாலைதான். அதற்கப்புறம் இந்த ஒன்பது வருடத்தில் மொத்தம் பதினொரு முறை போய்வந்துவிட்டேன். நண்பர்கள் கிளம்பும்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வழி. ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து யு.எஸ். 89-இல் வடக்கே நூறு மைலுக்குக் கொஞ்சம் மேலே போனால் பிட்டர் ஸ்பிரிங்ஸ். அங்கே ஒரு கிளை மலை ஏறி பேஜ் ஊருக்குப் போகும். இன்னொன்று 89ஏ. அது நவஹோ பாலத்தில் கொலராடோ நதியைக் கடந்து, வெர்மிலியன் கிளிஃப்ஸ் என்ற செங்குத்தான மலைச்சுவரின் அடிவாரத்தை ஒட்டியே ஹவுஸ் ராக் பள்ளத்தாக்கு வழியாக ஓடி, கடைசியில் கைபாப் மேட்டுநிலத்தில் ஏறி ஜேக்கப் லேக் என்ற சிற்றூரைத் தொடும். பாலத்திலிருந்து ஜேக்கப் லேக் சுமார் 40 மைல். முக்கால் மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். நான் இப்போதெல்லாம் அந்த 40 மைலுக்கு அரை நாள் ஒதுக்குகிறேன்.

மலைச்சுவர் சில இடங்களில் 3,000 அடி உயரம். அடியில் சாம்பலும் ஊதாவுமாகக் களிமண் மேடுகள், அதற்கு மேலே சிவப்பு அடுக்குகள், உச்சியில் நவஹோ மணற்கல். அந்த மணற்கல் ஜுராசிக் காலத்துப் பாலைவன மணற்குன்றுகள் இறுகிக் கல்லானது. 2019-இல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். சாலையோரம் வண்டியை நிறுத்தியதும் கீழே கிடந்த சின்னக் கல் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். ரேகைக்குள்ளெல்லாம் சிவப்பு இறங்கியது. "காவிக்கல்லுடா இது. கோலத்தைச் சுத்திக் காவி இடுவோமே, அதுதான்" என்றார். அம்மா சொன்னது சரி. நம் காவிக்குச் சிவப்பைக் கொடுப்பதும் இந்த மலைக்குக் கொடுப்பதும் அதே இரும்பு ஆக்சைடுதான். பாதுகாக்கப்பட்ட இடம், எடுத்துப் போகக் கூடாது என்று சொன்னதும் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார். உள்ளங்கைச் சிவப்பை மட்டும் சாயங்காலம் வரை கழுவவில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்தச் சாலையில் எந்தத் திசையில், எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் எல்லாம். முதல் மூன்று முறையும் மதிய வேளையில், பாலத்திலிருந்து மேற்கு நோக்கிப் போனேன். உச்சி வெயிலில் மலை தட்டையாக, வெளிறிப்போய்த் தெரிந்தது. நான்காவது முறைதான், தற்செயலாக, சாயங்காலம் ஜேக்கப் லேக்கிலிருந்து கீழே இறங்கினேன். பைன் மரங்கள் முடிந்து ஜூனிப்பர் புதர்கள் தொடங்கும் இறக்கத்தில் ஒரு காட்சிமுனை இருக்கிறது. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். அதன் இடது ஓரமாக மலைச்சுவர் நீண்டு போகும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் விழுந்து சுவர் எழுந்து நிற்கும். அஸ்தமனத்துக்கு முந்தைய இருபது நிமிடத்தில் அந்த நிறம் செங்கல்லிலிருந்து மருதாணிக்கும், மருதாணியிலிருந்து தணலுக்கும் மாறுவதை நான் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருந்ததில்லை. அதனால் முடிந்தால் காலையில் மேற்கே கடந்துவிடுங்கள். சாயங்காலம் கிழக்கு நோக்கி நிதானமாகத் திரும்புங்கள். நவம்பர், பிப்ரவரி மாதங்களில் வெயில் சாய்ந்தே விழுவதால் பகலிலும் நன்றாக இருக்கும். ஆனால் ஜேக்கப் லேக் 7,900 அடி உயரம், குளிர்காலத்தில் பனி கொட்டும். கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்க்காமல் போகாதீர்கள்.

நவஹோ பாலத்தில் கண்டிப்பாக நிறுத்துங்கள். அங்கே இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 1929-இல் திறந்த பழைய பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். 1995-இல் கட்டி முடித்த புதியதில் வண்டிகள் போகின்றன. கீழே 467 அடியில் நதி பச்சையாக ஓடும். பாலம் வருவதற்கு முன்னால் சில மைல் மேலே லீஸ் ஃபெரியில் படகில்தான் கடந்தார்கள். அந்தப் படகு 1928-இல் கவிழ்ந்து மூன்று பேர் இறந்ததோடு படகுத்துறை நின்றுபோனது. அடுத்த வருடம் பாலம் திறந்தது. அரிசோனாவிலிருந்து யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்துக்குத் திருமணத்துக்காக வண்டி கட்டிப் போன மார்மன் மதப் பிரிவு ஜோடிகள் இந்தப் படகில் ஏறித்தான் போனார்களாம். அதனால் அந்தத் தடத்துக்கு 'ஹனிமூன் டிரெயில்' என்றே பெயர். லீஸ் ஃபெரிக்குள் இறங்கிப் போக நேரமிருந்தால் போங்கள். தண்ணீரில் கால் வைக்கலாம். கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர், எலும்பு வரை குளிரும்.

பாலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு கண்டோர் கழுகுகள். 1987-இல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போன கலிஃபோர்னியா கண்டோர், மிச்சமிருந்த 27 பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வளர்த்து மீட்ட இனம். அரிசோனாவில் 1996-இல் அவற்றைத் திரும்பப் பறக்கவிட்டது இந்த மலைச்சுவரின் மேலிருந்துதான். அம்மாவோடு போன அன்று பழைய பாலத்தின் இரும்புச் சட்டத்தில் ஒன்று குந்தியிருந்தது. சொட்டைத் தலை, கழுத்தைச் சுற்றிக் கறுப்பு இறகுகள், இறக்கையில் எண் அட்டை. எழுந்து பறந்தபோது இறகுகளுக்குள் காற்று புகுந்து போகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. விரித்தால் இறக்கை ஒன்பது அடிக்கு மேல். "நம்பர் என்னடா போட்டிருக்கு?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். வெறும் கண்ணால் படிக்க முடியவில்லை.

வேட்டையாடிய மிருகங்களின் மிச்சத்தைத் தின்னும்போது துப்பாக்கிக் குண்டின் ஈயம் வயிற்றுக்குள் போய் இந்தப் பறவைகள் இன்னும் செத்துக்கொண்டிருக்கின்றன. அதைப் படித்த நாளிலிருந்து, பாலத்தில் ஒன்றைப் பார்த்தாலே மனம் நிறைகிறது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்குகள் குறைவு. ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து வரும் வழியில் கேமரன் ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். செல்போன் சிக்னல் நெடுந்தூரம் இருக்காது. கோடையில் லீஸ் ஃபெரி பக்கம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீராவது வண்டியில் இருக்கட்டும். அப்புறம் கடிகாரம். அரிசோனாவில் கோடை நேரமாற்றம் கிடையாது, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாட்டில் உண்டு. கோடை மாதங்களில் போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். அஸ்தமனத்தைக் கணக்குப் பண்ணிப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பெரிய வசதி இல்லை. நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவேன். பாலத்தின் கிழக்குக் கரையில் நவஹோ பெண்கள் மேசை போட்டுத் தங்கள் கையால் செய்த நகைகளை விற்பார்கள். கையில் ரொக்கம் இருந்தால் நல்லது.

ஒரு தவறு மட்டும் யாரும் செய்யாதீர்கள். 2021 ஆகஸ்டில், முந்தின நாள் மழை பெய்திருந்தும், கண்டோர்களை விடும் இடத்தைப் பார்க்கலாம் என்று ஹவுஸ் ராக் மண் சாலையில் வண்டியைத் திருப்பினேன். மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஒரு மைல் தாண்டியதும் சக்கரம் சோப்பில் வைத்ததுபோல் வழுக்கி ஓரத்தில் இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து பிக்கப் டிரக்கில் வந்த ஒரு பெரியவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. சக்கரத்தில் அப்பியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தார்ச்சாலையிலிருந்தே மலை முழுக்கத் தெரியும். ஈரமிருந்தால் மண் சாலைப் பக்கம் போகவே வேண்டாம்.

2025 ஜூலையில் ஜேக்கப் லேக் பக்கம் வைட் சேஜ் என்று பெயரிட்ட காட்டுத்தீ பரவியது. அதே மாதம் வேறொரு தீயில் வடக்கு விளிம்பின் கிராண்ட் கேன்யன் லாட்ஜ் எரிந்து போனது. நான் முதல் பயணத்தில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேன்யனைப் பார்த்தது அந்த லாட்ஜின் வெளித்திண்ணையில்தான். அக்டோபரில் பதினொன்றாவது முறையாகப் போனபோது ஜேக்கப் லேக்கைத் தாண்டி ஃப்ரெடோனியா ஊருக்குப் போகும் இறக்கத்தில் கருகிய மரங்களைப் பார்த்து வண்டியில் யாரும் பேசவில்லை. அப்புறம் வண்டியைத் திருப்பிக் கிழக்கே இறங்கினோம். வழக்கமான காட்சிமுனையில் நின்றோம். சுவர் சிவந்துகொண்டிருந்தது.

அம்மா வருகிற மார்ச்சில் மறுபடி வருகிறார். பைனாகுலர் வாங்கி வைத்துவிட்டேன்.